ஆறிய வண்டி

தவறே செய்யாத கையை நம்புவதா, ஒரு தவறு செய்துவிட்டு அதை ஒப்புக்கொண்ட கையை நம்புவதா? கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியில் அதிக நேரம் செலவிடவில்லை. அந்த ஷெட்டின் நடுவே இப்போது ஒரு தகரத் தடுப்பு நிற்கிறது. தடுப்புக்கு இந்தப் பக்கம், மெக்கானிக்கின் மைத்துனனுடைய பாதியில், காலையிலேயே நான்கு வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. அந்தப் பக்கம், மெக்கானிக்கின் பாதியில், ஒரே ஒரு வண்டி. அதுவும் வெளியூர்க்காரருடையது, அவருக்கு விஷயம் தெரியாது.

அந்த ஒரு வண்டியின் பக்கத்தில் மெக்கானிக் தன் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைக்கிறார். வெறுங்காலோடு ஏறிக் கதவைச் சாத்துகிறார். கண்ணாடியை ஏற்றுகிறார், ஏசியை அணைக்கிறார், பாட்டை அணைக்கிறார். வலது கால் பிரேக்கில் இருக்கிறது. இடது பாதம் விரல் நுனி முதல் குதிகால் வரை தரையில் பதிந்திருக்கிறது. எஞ்சினைக் கிளப்பி, லீவரை ரிவர்ஸுக்கு நகர்த்துகிற அதே கணத்தில் வாய் எண்ணத் தொடங்குகிறது. “ஒண்ணு… ரெண்டு…” அடியில் எங்கோ ‘தொம்’ என்று ஓர் உதை விழுகிறது. எண்ணுவதை நிறுத்திவிட்டு, யாரோ காதில் ரகசியம் சொன்னதுபோல் தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

இதனால் அவருக்குத் தெருவில் ‘ஒண்ணுரெண்டு’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு நின்றுவிட்டது. ஆட்டோமேட்டிக் கார்களின் கியர்பாக்ஸைத் தவிர வேறெதையும் அவர் தொடுவதில்லை. அதிலும் முக்கால்வாசிப் பேர் கொண்டுவரும் புகார் ஒன்றுதான்: கியர் போட்டால் வண்டி உதைக்கிறது. உதையில் வகை உண்டு என்பார். ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் உதைத்தால், எஞ்சின் தேவைக்கு மேல் வேகமாகச் சுற்றுகிறது அல்லது கியர் பெட்டிக்குள் ஆயிலின் அழுத்தம் அதிகம். ஒன்றும் நடக்காமல் இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை போய் அதன் பிறகு உதைத்தால் அது வேறு நோய்: உள்ளே எங்கோ ரப்பர் சீல் இறுகி, ஆயில் கசிந்து, அழுத்தம் சேராமல் இழுத்தடித்து, கடைசியில் மொத்தமாக வந்து மோதுகிறது. உதைக்குப் பின்னால் தனியாக ஒரு ‘டக்’ கேட்டால் பெட்டி மேல் குற்றமில்லை. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் கிழிந்திருக்கிறது.

போனில் கேட்டால் பதில் சொல்ல மாட்டார். ஆயில் அளவுக்கம்பியை இழுத்து வெள்ளைத்தாளில் துடைத்து, கறையை வெயிலில் பார்த்து, முகர்ந்து, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். துவைக்கும்போது அந்தத் தாள்களை வெளியே எடுப்பது மனைவியின் வேலை. “உப்பு போதுமான்னு கேட்டாக்கூட ஒண்ணு ரெண்டு எண்ணித்தான் பதில் வரும்” என்பார் அந்த அம்மா. “கல்யாணத்துக்குச் சம்மதமான்னு எங்கப்பா கேட்டப்பவும் அப்படித்தான். எங்கப்பா பயந்தே போயிட்டாரு.”

மனைவியின் தம்பி பதினெட்டு வருடமாக அவருடைய தொழில் கூட்டாளி. கிளட்ச், பிரேக், பேச்சு மூன்றும் இவன் பொறுப்பு. வண்டிக்காரர்களை உட்காரவைத்துச் சிரிக்கவைத்து அனுப்புவான். அவருடைய மௌனத்துக்கு விளக்கவுரை சொல்லிச் சொல்லியே நாக்கு தேய்ந்துவிட்டது என்று இவனுக்கு ஒரு குறை. ஆனால் அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்பதில் இவனுக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது. யோசித்துப் பார்த்தால், இவன் வாழ்க்கையில் சந்தேகப்படாத ஒரே பொருள் அதுதான்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. ஓடிவந்த வண்டியை அவர் பார்க்க மாட்டார். முதல் நாளே விட்டுவிட்டுப் போக வேண்டும்; விடிந்ததும், யாரும் சாவியைத் தொடும் முன், அவர்தான் முதலில் கிளப்புவார். “பத்து மைல் ஓடி வந்த வண்டி, விருந்தாளி வந்த வீடு மாதிரி. சண்டையெல்லாம் உள்ள போயிரும். ஆறின வண்டியத்தான் பாக்கணும்.” சூடேறினால் இறுகிய ரப்பர் இளகிவிடும், கசிவு நின்றுவிடும், கியர் வெண்ணெய்போல் விழும். மறுநாள் காலை மறுபடி உதைக்கும். ஒருமுறை மைத்துனன் இடம் போதவில்லை என்று ஒரு வண்டியை விடியற்காலையில் கொஞ்சம் நகர்த்திவிட்டான்.

“நாலடிதான் மாமா நகத்தினேன்.”

“நாலடியில அது முழிச்சிருக்கும்.”

வண்டிக்காரர் இன்னொரு நாள் காத்திருந்தார். மைத்துனன்தான் மன்னிப்புக் கேட்டான்.

ரத்தம் எடுக்கும் பெண் அவர்களிடம் வந்தது ஒரு நண்பகலில். பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருக்கும் முதியவர்களிடம் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. சிறு வயதிலிருந்தே இடது கால் சூம்பியிருந்தது. அதனால்தான் கிளட்ச் இல்லாத வண்டி. விடியும் முன்னால் கிளம்ப வேண்டிய தொழில் என்பதால் வண்டியை விட்டுவிட்டுப் போக முடியாது என்றாள். காலையில் எடுக்கும்போது பின்னாலிருந்து யாரோ எட்டி உதைப்பதுபோல இருக்கிறது, ஒரே ஒரு தடவை பார்த்துச் சொன்னால் போதும் என்று கேட்டாள். மைத்துனனும் பரிந்து பேசினான். தான் பேசியதை இன்றுவரை அவன் மறக்கவில்லை. “பாவம் மாமா, தூரத்துல இருந்து வந்திருக்காங்க.”

அவர் செருப்பைக் கழற்றினார். எண்ணினார். ஒன்று சொல்லி முடிப்பதற்குள் கியர் வெண்ணெய்போல் விழுந்தது. கூடவே தனியாக ஒரு ‘டக்’. கிழிந்த மவுண்ட் ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதுதான் வினை. ஒன்றுமே கிடைத்திராவிட்டால் அவர் இன்னும் தேடியிருப்பார். கிடைத்த காரணம் போதும் என்று தோன்றிவிட்டால், அறிவு அங்கேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. மவுண்டை மாற்றி, தன் வழக்கப்படி முறுக்கிய போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார்.

“பெட்டி நல்லா இருக்கும்மா. காலைல அவசரத்துல கால் முந்துது போல. லீவரப் போட்டுட்டு கொஞ்சம் நிதானிச்சு எடுங்க.”

“ஆமாண்ணே, ஒத்தக் கால் ரெண்டு கால் வேல பாக்குது. முந்தத்தான் செய்யும்” என்று சிரித்தபடி அவள் போனாள்.

ஐந்து வாரம் கழித்துப் போக்குவரத்து விசாரணை அதிகாரியிடமிருந்து ஒரு தாள் வந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி சம்பந்தப்பட்ட விபத்துகளுக்கு அந்த அலுவலகம் அவரிடம்தான் எழுத்துமூலம் கருத்துக் கேட்கும். வருடத்துக்கு இரண்டோ மூன்றோ வரும். இந்த வழக்கில் ஒரு மனைவி வண்டியைப் பின்னால் எடுத்தபோது, வெளிவாசல் கதவைத் திறக்கப் போன கணவன் வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் சிக்கி இறந்திருந்தான். என் கால் தவறிவிட்டது என்று அவள் எழுதிக்கொடுத்திருந்தாள். முந்தின நாள் இருவருக்கும் சண்டை, தவறியதல்ல, வேண்டுமென்றே மிதித்தாள் என்று கணவனின் அக்கா எழுதிக்கொடுத்திருந்தாள். அரசு ஆய்வாளர் வண்டியைக் கிளப்பி அலுவலக முற்றத்தில் இருபது சுற்று ஓட்டிவிட்டு, பிறகு கியரைச் சோதித்து, கோளாறு ஏதுமில்லை என்று முடித்திருந்தார்.

முற்றத்தில் பின்பக்கம் நசுங்கிய நிறைய வண்டிகளுக்கு நடுவில் அதுவும் ஒன்றாக நின்றது. முன்மூடியை முதலில் தூக்கியவன் மைத்துனன்தான். மவுண்ட் போல்ட்டின் தலையில் மஞ்சள் கோடு கலையாமல் இருந்தது. அவன் மூடியை மெல்ல இறக்கினான். அவர் அதைக் கையால் தடுத்து மறுபடி தூக்கினார். பார்த்தார். பிறகு அதிகாரியிடம், இன்று வேண்டாம், நாளைக் காலை வருகிறேன், யாரும் சாவியைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்தார்கள். அவர் வெறுங்காலோடு ஏறினார். அதிகாரி பக்கத்து இருக்கையில். கண்ணாடி ஏற்றியிருந்ததால் வெளியே நின்ற மைத்துனனுக்குச் சத்தம் கேட்கவில்லை, உதடுகள்தான் தெரிந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு என்று விரியப் போன வாய் பாதியில் நின்றது. கட்டைகள் முனக, வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் தூக்கி இறங்கியது. அதிகாரியின் கை டாஷ்போர்டைத் தேடிப் பிடித்தது.

இறங்கியதும் அதிகாரி கேட்டார்: “நகரலையேன்னு அந்த நேரத்துல லேசா ஆக்சிலேட்டர மிதிச்சிருந்தா?”

“அத மிதிச்சுக் காட்ட வேணாம் சார்.”

கோளாறு எப்போது வந்திருக்கும் என்று அதிகாரி அடுத்துக் கேட்டார். எழுதித் தருகிறேன் என்று மட்டும் இவர் சொன்னார்.

அங்கிருந்து நேராக ரத்தம் எடுக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போகச் சொன்னபோது மைத்துனன் தயங்கினான். போனார்கள். தூணில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த ஒரு தூண் மட்டும் மற்ற சுவரைவிட வெளுப்பாக நின்றது. அவள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகும்போது மாட்டும் தடித்த அடியுள்ள இடது காலணியை வீட்டுக்குள்ளேயே மாட்டியிருந்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

“நீங்க சொன்னதுல இருந்து நிதானமாத்தான்ணே எடுப்பேன். அன்னைக்கும் லீவரப் போட்டுட்டு நிதானிச்சேன். நகரல. சரியா விழலபோலன்னு லேசா…” குனிந்து காலணியின் வாரை இறுக்கினாள். “வண்டி நல்லா இருக்குன்னு நீங்க பாத்துச் சொல்லிட்டீங்க. அப்போ என் காலுதானே” என்றாள்.

அவர்களுடைய ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனதை அவள் அதிகாரியிடம் சொல்லவில்லை. வண்டிமேல் குறையில்லை என்று அவ்வளவு உறுதியாக நம்பியிருந்தாள். சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். மைத்துனனுக்கு அந்தக் கூடத்தில் நெஞ்சு கனத்தது உண்மை. அதே நெஞ்சின் ஓரத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி முடிந்தது என்று பிற்பாடு அவன் தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு.

அன்று சாயங்காலம் அறிக்கையை எழுத உட்கார்ந்தார்கள். அவருடைய கையெழுத்து அவருக்கு மட்டுமே புரியும் என்பதால் அறிக்கைகளை மைத்துனன் எழுத, அவர் கையொப்பமிடுவது வழக்கம். அவர் மூன்று வரை எண்ணியதையும், உதையையும், சீல் இறுகியதையும் சொன்னார். அவன் எழுதினான். எப்போதிலிருந்து என்ற இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, இரண்டு நாளாக மனசில் உருட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னான்.

“திடீர்னு வந்த கோளாறுன்னு போடுவோம் மாமா. அப்படி வர்றதும் உண்டுதானே. அவங்க மேல தப்பில்லைன்னு ஆயிரும். கொலைப்பழி போயிரும். நம்ம பேரும் வராது. இதுல யாருக்கு நஷ்டம்?”

மனைவி உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றார். “அவன் சொல்றதுல என்ன தப்பு? அந்தப் பொண்ணு தப்பிச்சாச்சு. போனவரு திரும்பி வரப் போறதில்ல. அப்புறம் யாருக்காக நாம மாட்டிக்கணும்?”

மைத்துனனின் வாதத்தில் ஓட்டை கிடையாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நிதானமாக யோசிக்கிற எவரும் அதில் கையெழுத்துப் போடலாம். அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடுகிறது. எஞ்சுவது, ஒரு மதியம், ஒரு மனிதன் தன் விதியைத் தானே தளர்த்திக்கொண்டான் என்கிற செய்தி மட்டும். அதை மூன்று பேர் தெரிந்துகொண்டு சும்மா இருந்தால் உலகத்தின் கணக்கில் ஒன்றும் குறையாது.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாரோ என்று மைத்துனன் உதட்டைக் கவனித்தான். உதடு அசையவில்லை.

“எழுது மாப்ள” என்றார்.

அவன் எழுதினான். ‘திடீரென ஏற்பட்ட கோளாறு, ஓட்டியவர் முன்கூட்டியே அறிந்திருக்க வாய்ப்பில்லை.’ வாசித்துக் காட்டினான். கேட்டார், கையொப்பமிட்டார், மடித்தார். மைத்துனன் இரண்டு நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

ஆனால் அந்த அறிக்கை அவன் எழுதிக்கொடுத்தபடி பதிவேட்டுக்குப் போகவில்லை. அவள் மேல் இருந்த வழக்கு விழுந்தது. அவர் பெயரில் ஒரு வழக்கு எழுந்தது. ஒழுங்காகச் சோதிக்காமல் நல்ல வண்டி என்று சொல்லி ஓர் உயிர் போகக் காரணமானவர் என்று. இன்னும் நடக்கிறது, வாய்தாவுக்கு வாய்தா துவைத்த சட்டையோடு போய் நிற்கிறார். அலுவலகம் தன் பட்டியலிலிருந்து அவரை நீக்கியது. பழைய வாடிக்கைக்காரர்கள் ஷெட்டைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் எதையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போனார்கள். “மாமாவுக்கு மண்டைல ஏதோ சீல் இறுகிப்போச்சு” என்று மைத்துனன் சில பேரிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு அதைச் சொன்னதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான். அவனுக்கும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். எட்டாவது மாதம் தகரத் தடுப்பு வந்தது. அவரே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தக் கூடமாட உதவினார்.

ஒருநாள் அந்தப் பெண் வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவளுடைய குரல் உயரவில்லை என்பதுதான் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த மைத்துனனைக் கலக்கியது.

“தெரியாமலே இருந்திருக்கலாம்ணே. என் காலுன்னு நெனச்சு, அதோட ஒரு மாதிரி பழகிட்டேன். இப்போ யார நெனச்சு அழுறதுன்னு தெரியல. உங்கள நெனச்சாலும் கோவந்தான் வருது. நீங்க சொல்லிட்டீங்கங்கிறதுக்காக அது கொறையல.”

அவர் தலையசைத்தார். குறைய வேண்டும் என்று எதிர்பார்த்தவர் மாதிரி தெரியவில்லை. காத்திருந்த அதே ஆட்டோவில் அவள் திரும்பிப் போனாள். அவர் உள்ளே வந்து, பிரித்துப்போட்டிருந்த பெட்டியின் சீல்களைப் பெரியது சிறியது என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஏற்கெனவே வரிசையாக இருந்தவைதான்.

உண்மை நன்மை செய்யும் என்று நம்புகிறவர்களுக்கு இவருடைய வாழ்க்கையில் காட்ட அதிகம் இல்லை. அது யாருடைய துக்கத்தையும் ஆற்றவில்லை. ஒரு குடும்பத்தின் நடுவில் தகரம் வைத்தது. பெருமைக்காகச் செய்தார் என்றும் சொல்ல வழியில்லை. அவரைப் பாராட்ட வந்த ஒரே பத்திரிகைக்காரரிடம் கியர்பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்பதை மட்டும் அரைமணி நேரம் பேசி அனுப்பினார். குற்ற உணர்ச்சியா என்றால், அவர் அதைப் பற்றியும் பேசியதில்லை. மனைவி எல்லா விதமாகவும் கேட்டுப் பார்த்துவிட்டார்: கோபமாக, அழுது, ஒருமுறை கடிதமாகக்கூட எழுதி. “ஏங்க, எனக்காவது சொல்லக் கூடாதா?” சொல்லவில்லை.

அறிக்கையைக் கொடுக்கப் போன அந்தக் காலை அலுவலக அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டு, அந்தம்மாவுக்கு இதுவே போதும் என்று முகம் தெளிந்து, முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றினார். மைத்துனன் கதவருகே வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். “ஒரு நிமிஷம் அதக் குடுங்க சார்” என்று அவர் தாளைத் திரும்ப வாங்கினார். மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து ‘திடீரென ஏற்பட்ட’ என்பதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். கையொப்பத்துக்குக் கீழே, தன் கோணல் எழுத்தைப் பிறரும் படிக்க வேண்டும் என்று ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி, ஐந்து வாரத்துக்கு முந்தைய ஒரு தேதியை எழுதினார். மதியம் என்று எழுதினார். வண்டி சூடாக இருந்தது, பார்த்தவன் நான், குறையில்லை என்று சொன்னவனும் நான் என்று எழுதினார்.

“மாமா” என்றான் மைத்துனன்.

அதிகாரி குனிந்து படித்தார். முத்திரை பிடித்த கை பாதியில் நின்றது. “இத யாரும் உங்ககிட்ட கேக்கலையே” என்றார்.

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தாளின் மூலை எழும்பி எழும்பி மடங்கியது. அவர் தாளை அதிகாரியின் பக்கம் திருப்பி வைத்து, முத்திரை சரியாக விழும்படி, அந்த மூலையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.